பிரஸ் ஷாப் பாதுகாப்புப் பயிற்சி: அறுபது கையெழுத்து வாங்கியாச்சு, அடுத்து?

பிரஸ்ஷாப்_சூப்பர் | மார்ச் 4, இரவு 9.40

அம்பத்தூர் பக்கம் ஆட்டோ உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில பிரஸ் ஷாப் (பவர் பிரஸ் மெஷின்ல தகடை அழுத்தி வெட்டற பிரிவு) சூப்பர்வைசரா இருக்கேன். இன்னைக்கு தேசியப் பாதுகாப்பு தினம். காலைல எட்டரைக்கு எல்லாரையும் கேட் பக்கத்துல வரிசையா நிறுத்தி, சட்டையில பச்சை பேட்ஜ் குத்தி, உறுதிமொழி எடுத்தோம். மைக்ல படிச்சது நான்தான். எதிர்ல நின்ன அறுபது பேர்ல முப்பத்தஞ்சு பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்க. நான் தமிழ்ல ஒரு துண்டு சொல்ல, அவங்க காதுல விழுந்ததைத் திருப்பிச் சொன்னாங்க. நடுவுல குரல் கம்மியா இருக்கேன்னு "சத்தமா சொல்லுங்கப்பா"ன்னேன். அதையும் திருப்பிச் சொன்னாங்க.

விஷயம் இதுதான். கஸ்டமர் ஆடிட் வருது. ஆளுக்கு எட்டு மணி நேரம் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததா ரிஜிஸ்டர் காட்டணும். கையெழுத்து வாங்கியாச்சு. பயிற்சிதான் இன்னும் நடக்கல. என் கையில கொடுத்திருக்கிறது 84 ஸ்லைடு, மொத்தமும் இங்கிலீஷ். தீயணைப்பான்ல ஆரம்பிச்சு பாம்புக்கடி வரைக்கும் இருக்கு, பவர் பிரஸ் பத்தி ரெண்டே ஸ்லைடு. தமிழ்லயோ ஹிந்தியிலயோ பவர் பிரஸ்ஸுக்குன்னு வீடியோ, போஸ்டர் ஏதாவது யார்கிட்டயாவது இருக்கா?

போன மாசம் நைட் ஷிஃப்ட்ல ஏழாம் நம்பர் பிரஸ்ல ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் ரெண்டு கணு போச்சு. வேலைக்கு வந்து பதினோரு நாள்தான். அதனாலதான் கேக்கறேன்.

டைசெட்டர்54 | மார்ச் 4, இரவு 10.15

தம்பி, வீடியோ இருக்கட்டும். ஏழாம் நம்பர் என்ன கிளட்ச்? இரும்பு முளை மாட்டற பின் கிளட்சா, காத்துல வேலை செய்யற ஃப்ரிக்‌ஷன் கிளட்சா? பெடலா, பட்டனா? கை உள்ள போகாம தடுக்கற கார்டு இருந்துச்சா? அந்தப் பையன் கை எதுக்கு உள்ள போச்சு?

பிரஸ்ஷாப்_சூப்பர் | மார்ச் 4, இரவு 10.32

50 டன் சி-ஃப்ரேம் அண்ணே. பின் கிளட்ச், கால் பெடல். கார்டு ஒண்ணு இருந்துது, டை (தகடுக்கு வடிவம் கொடுக்கற அச்சு) மாத்தும்போது கழட்டினது, திரும்பப் போடல. பீஸ் எண்ணெய்ல டையோட ஒட்டிக்கிச்சு, எடுக்கக் கை விட்டான். பெடல்ல இருந்து காலை எடுத்துட்டேன், ஸ்லைடு (மெஷின்ல மேல இருந்து இறங்கற பாகம்) தானா ரெண்டாவது தடவை இறங்கிச்சுன்னு அவன் சொல்றான். விசாரணை ரிப்போர்ட்ல "தொழிலாளியின் கவனக்குறைவு, பயிற்சிக் குறைவு"ன்னு இருக்கு. எழுதினது நான்தான்.

டைசெட்டர்54 | மார்ச் 4, இரவு 11.05

அவன் சொல்றது பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. பின் கிளட்ச்ல ஃப்ளைவீல் பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். பெடலை மிதிச்சா பின் போய் மாட்டும், ஸ்லைடு ஒரு முழுச் சுத்து வந்து மேல நிக்கணும். அந்தப் பின்னைத் திரும்ப இழுக்கற ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பின் முனை தேஞ்சு வட்டமாயிட்டாலோ கிளட்ச் விடாது. கேக்காமலே இன்னொரு சுத்து வரும். டபுள் ஸ்ட்ரோக்னு சொல்வோம். பிரேக் பட்டியில எண்ணெய் இறங்கி வழுக்கினாலும் ஸ்லைடு மேல நிக்காது.

முப்பது வருஷமா டை கட்டறேன். டபுள் ஸ்ட்ரோக் அடிக்கற மெஷின் முன்கூட்டியே சொல்லிடும். மேல நிக்கற இடம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா தள்ளும், நிக்கும்போது "டக்"னு ஒரு சத்தம் கூடுதலா வரும். பக்கத்து மெஷின்காரனைக் கேளுங்க, அவன் கேட்டிருப்பான். அந்த ஸ்பிரிங்கைக் கழட்டிப் பார்த்தீங்களா?

பிரஸ்ஷாப்_சூப்பர் | மார்ச் 4, இரவு 11.20

இல்ல. மறுநாள் காலைலயே மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

கன்ட்ரோல்_பேனல் | மார்ச் 5, காலை 7.10

நான் பேனல் வயரிங் வேலை பார்க்கறவன். விபத்து நடந்ததும் மேனேஜ்மென்ட் "சென்சார் போட்டுடலாம்"னு கிளம்பும், அதனால முந்திக்கிட்டு சொல்லிடறேன். பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் (கை குறுக்க வந்தா கண்டுபிடிக்கற ஒளிக்கதிர் சென்சார்) போட்டா காசுதான் தண்டம். அந்த கிளட்ச் ஒரு தடவை மாட்டிச்சுன்னா சுத்து முடியற வரைக்கும் எதனாலயும் நிறுத்த முடியாது. கை உள்ள போச்சுன்னு சென்சார் கத்தும், ஸ்லைடு பாட்டுக்கு இறங்கும். சிவப்பு லைட் எரியறதைப் பார்த்து ஆளுங்க தைரியமா கை விடுவாங்க, அது அதைவிட மோசம்.

நடுவழியில நிக்கக்கூடியது ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் மட்டும்தான். அதுலயும் சென்சாரை டைக்குப் பக்கத்துல ஒட்டி வச்சா பிரயோசனமில்ல. கை போற வேகத்தை விநாடிக்கு 1600 மி.மீ.ன்னு கணக்குல எடுக்கறது வழக்கம். மெஷின் நிக்க கால் விநாடி ஆகுதுன்னா 0.25 × 1600 = 400. அதாவது சென்சார் டையில இருந்து குறைஞ்சது 400 மி.மீ. தள்ளி இருக்கணும், அதுக்கு மேல சென்சார் ரகத்தைப் பொறுத்து கொஞ்சம் சேர்க்கணும். நான் பார்த்த பாதி இடத்துல 150-ல வச்சிருப்பாங்க. பிரேக் தேயத் தேய நிக்கற நேரம் கூடும். அதை யாரும் அளந்து பார்க்கறதில்ல.

ஜாப்வொர்க்_கோவை | மார்ச் 5, காலை 9.30

ஏனுங்க, எல்லாரும் பெரிய கம்பெனிக் கணக்குலயே பேசறீங்க. எனக்கு ஆறு மெஷின், ஆறும் பின் கிளட்ச். பீஸ் ரேட்டைப் பைசாவுல பேசறாங்க. ஃப்ரிக்‌ஷன் கிளட்சுக்கு மாத்துங்கன்னா மெஷினை வித்துட்டு வீட்டுக்குத்தான் போகோணும். அப்பறம் ஆளுங்க மேல தப்பே இல்லைங்கிற மாதிரி எழுதாதீங்க. பீஸை எடுக்க டாங்ஸ் (இடுக்கி) வாங்கிக் கொடுத்தேன், ரெண்டாம் நாளே ஓரமாப் போட்டுட்டாங்க. கைதான் வாட்டம்ங்கறாங்க. பயிற்சிதான் தீர்வுங்க.

டைசெட்டர்54 | மார்ச் 5, மதியம் 1.15

கோவை அண்ணாச்சி, மெஷினை மாத்தச் சொல்லல. பின் கிளட்சுக்குச் சரியான காப்பு டையைச் சுத்தி நிரந்தரக் கூண்டு. ஆங்கிள், கம்பி வலை, ஒரு நாள் வெல்டிங். முன்னாடி இடைவெளி ஷீட் நுழையற அளவு, விரல் நுழையாத அளவு. ஸ்ட்ரிப்பா ஓடற வேலை எல்லாத்துக்கும் இது செல்லும். பீஸை வெளிய தள்ள ஏர் ப்ளோ, இல்ல டையைச் சரிவா சாய்ச்சுக் கட்டினா தானா விழும். என் கையால எத்தனையோ டைக்குக் கட்டியிருக்கேன்.

ஒவ்வொரு பீஸா கையில வைக்கற வேலைக்குத்தான் சிக்கல். அதுக்கு டாங்ஸ், காந்தக் குச்சி. ஓரமாப் போட்டாங்கன்னு சொல்றீங்களே, அந்த டாங்ஸ் இரும்பா? டைக்குள்ள மாட்டினா பஞ்ச் உடையும், உடைஞ்சா யார் சம்பளத்துல பிடிப்பீங்க? அலுமினியத்துல செஞ்சு கொடுங்க. மாட்டினா டாங்ஸ்தான் நசுங்கும்.

ஜாப்வொர்க்_கோவை | மார்ச் 5, மதியம் 1.40

இரும்புதானுங்க. சரி, அந்த ஒரு பாயின்ட் ஒத்துக்கறேன்.

ஒன்பதரை | மார்ச் 5, இரவு 8.50

என் பேரைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கும். ஓசூர்ல வேலை பார்த்தேன். கம்பெனி பேர் வேண்டாம்.

அந்த கேட்ல ஒரு போர்டு இருக்கும், "விபத்தில்லா நாட்கள்"னு. அன்னைக்கு 412. என் விரல் போனது காலை பத்து மணிக்கு. சாயங்காலம் தெரிஞ்ச ஒரு தனியார் கிளினிக்ல தையல் போட்டுட்டு ஆட்டோவுல திரும்ப வர்றேன், போர்டு அப்பவும் 412. மறுநாள் 413. ஐநூறு வந்தா எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸும் டிஃபன் கேரியரும்னு சொல்லியிருந்தாங்க. அதனால கூட வேலை பார்த்தவங்களே "வீட்ல கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுடா"ன்னாங்க. நானும் சொன்னேன். டிஃபன் கேரியர் எனக்கும் வந்துது.

மூணு மாசம் கழிச்சு ஒரு யூனியன் தோழர்தான் சொன்னார், ஈஎஸ்ஐ-ல (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விரலுக்கு விரல் கணக்கு இருக்குன்னு. ஆள்காட்டி விரல் முழுசும் போனா 14 சதவீதம், ரெண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாம நுனி மட்டும்னா 5. கட்டைவிரல் 30. மோதிர விரல், சுண்டுவிரல் முழுசும் போனா 7. இது மாசாமாசம் ஆயுசுக்கும் வரும். ஆனா விபத்துன்னு ஒண்ணு பதிவானாதான். சூப்பர் சார், உங்க பையனுக்கு ரிப்போர்ட் போட்டீங்களா? அவன் கான்ட்ராக்ட்னா, ஈஎஸ்ஐ நம்பர் அடிபட்ட தேதிக்கு முன்னாடி போட்டதான்னு பாருங்க.

ஹெச்ஆர்_அக்கா | மார்ச் 5, இரவு 10.20

ஒன்பதரை தம்பி எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நானும் அந்த மாதிரி போர்டு வச்ச ஆள்தான். இப்போ எங்க இடத்துல எடுத்தாச்சு. அதுக்குப் பதிலா எத்தனை நியர் மிஸ் (அடிபடாம நூலிழையில தப்பினது) எழுதி வந்துதுன்னு போடறோம். முதல் மாசம் ரெண்டே ரெண்டு. எழுதினவனைக் கூப்பிட்டு "உன் மேலதான் தப்பா?"ன்னு ஒரு இன்ஜினியர் கேட்டுட்டார், அடுத்த மாசம் பூஜ்யம். அந்த இன்ஜினியரை உட்கார வச்சுப் பேசினப்புறம்தான் திரும்ப வர ஆரம்பிச்சுது.

கணக்கையும் சொல்லிடறேன். நாள் சம்பளம் 600ன்னு வச்சுக்கோங்க. அதில 90 சதவீதம் 540. ரெண்டு கணு போனதுக்கு 11 சதவீதம்னு மெடிக்கல் போர்டு சொன்னா நாளைக்கு 59 ரூபா சொச்சம். கம்மிதான், ஆனா ஆயுசுக்கும். காயத்தால லீவுல இருக்கிற நாளுக்கு 90 சதவீதம் தனி. விபத்து ரிப்போர்ட் படிவம் 12, ஆன்லைன்லயே போடலாம்.

பயிற்சி விஷயத்துக்கு வர்றேன். தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல 111-ஆம் பிரிவு எல்லா மேனேஜருக்கும் மனப்பாடம், தொழிலாளி பாதுகாப்புச் சாதனத்துல கை வைக்கக்கூடாதுங்கறது. அதுக்கு அடுத்து இருக்கிற 111ஏ-வை யாரும் படிக்கறதில்ல. பாதுகாப்பு பத்தின தகவலும் பயிற்சியும் கேட்டு வாங்கறது தொழிலாளியோட உரிமைன்னு அதுல இருக்கு. 1984 போபாலுக்கு அப்புறம் 1987 திருத்தத்துல சேர்த்தது. 2025 நவம்பர்ல தொழிலாளர் பாதுகாப்புக்கான புதுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து பழைய சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு, ஆனா பயிற்சி கொடுக்க வேண்டிய பொறுப்பு எங்கயும் போகல. புரியாத பாஷையில படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கறது எந்தச் சட்டத்துலயும் பயிற்சி ஆகாது.

சிங்கை_சைட் | மார்ச் 6, காலை 6.05

சிங்கப்பூர்ல கட்டட வேலை. இங்க வேலை பார்க்கணும்னா பாதுகாப்பு கோர்ஸ் பாஸ் பண்ணணும். தமிழ்லயே நடத்தறாங்க, பெங்காலி, சீனம் எல்லாத்துலயும் இருக்கு. ஊர்ல பத்து வருஷம் சாரத்துல ஏறியவன், பெல்ட்டை எங்க மாட்டணும்னு முதல் தடவையா எனக்குப் புரியற பாஷையில கேட்டது இங்கதான். நம்ம ஊர்ல ஒடியாக்காரனுக்கு அதை நாம செய்யலாம்ல? (இங்கயும் எல்லாம் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. அவசரம்னா எந்த நாட்டுலயும் அவசரம்தான்.)

டைசெட்டர்54 | மார்ச் 6, இரவு 9.00

நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்னு எழுதறேன். பேச்சு கம்மி. ஒரு பருத்தி க்ளவுஸ், அஞ்சு விரல்லயும் அஞ்சு வெண்டைக்காய். நல்ல பிஞ்சா இருக்கணும். அதை டை மேல வச்சுட்டு எல்லாரையும் மூணடி தள்ளி நிறுத்திட்டு ஒரு ஸ்ட்ரோக். சத்தம் ஒண்ணும் பெருசா வராது, ஷீட்டை வெட்டற சத்தத்தைவிடக் கம்மி. அதுதான் அவங்களைப் பிடிச்சு உலுக்கும். இதுக்கு ஹிந்தியும் வேண்டாம் தமிழும் வேண்டாம்.

அப்புறம் மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு ஃப்ளைவீலைக் காட்டுவேன். எத்தனை நேரம் சுத்துதுன்னு அவங்களையே எண்ணச் சொல்வேன். "ஆஃப் பண்ணியாச்சு"ங்கறதுக்கும் "நின்னுடுச்சு"ங்கறதுக்கும் நடுவுலதான் நிறைய பேர் விரலை விட்டிருக்காங்க. டை கட்டும்போது ஸ்லைடுக்கு அடியில முட்டுக்கட்டை, மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி கட்டறவன் பாக்கெட்டுல.

ஒன்பதரை | மார்ச் 6, இரவு 9.25

வெண்டைக்காய் எங்களுக்கும் காட்டினாங்க அண்ணே. பயம் ரெண்டு நாள் இருக்கும். மூணாவது நாள் டார்கெட் வந்துடும். எனக்கு ஆபத்து தெரியாம கை விடல. தெரிஞ்சுதான் விட்டேன், அன்னைக்கே ஆயிரம் தடவை விட்டிருப்பேன்.

டைசெட்டர்54 | மார்ச் 6, இரவு 9.40

சரிதான் தம்பி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஹெச்ஆர்_அக்கா | மார்ச் 7, காலை 8.15

இடையில ஒண்ணு, முதலுதவி. போன வருஷம் எங்க செக்யூரிட்டி பதறிப் போய் துண்டான விரலை நேரா ஐஸ்ல போட்டுட்டார். அப்படிப் போட்டா திசு உறைஞ்சு வீணாயிடும். சுத்தமான தண்ணியில அலசி, ஈரத் துணியில சுத்தி, பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணி இருக்கிற இன்னொரு கவர்ல வைக்கணும். காயத்தைச் சுத்தத் துணியால அழுத்திப் பிடிச்சு, கையைத் தூக்கி வச்சுக்கிட்டே ஆளைக் கூட்டிட்டுப் போகணும். சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. பிரஸ்ல நசுங்கின விரலை ஒட்ட வைக்கறது கத்தியில வெட்டினதைவிடக் கஷ்டம்னு டாக்டர் சொன்னார். அதனால நேரத்தை வீணாக்காதீங்க.

ஜாப்வொர்க்_கோவை | மார்ச் 7, காலை 10.00

ஒரு சந்தேகமுங்க. ஆடிட்டர் ஒருத்தர் வந்து டிரில்லிங் மெஷின்லயும் க்ளவுஸ் கட்டாயம்னு எழுதிட்டுப் போனாரு. சரிதானுங்களா?

டைசெட்டர்54 | மார்ச் 7, காலை 10.20

தப்பு. சுத்தற மெஷின் கிட்ட துணி க்ளவுஸ் ஆகாது. டிரில் பிட் நூலைப் பிடிச்சா கையோட சுத்தும். ஷீட்டைத் தூக்கும்போது போடுங்க, டிரில்லுக்கும் லேத்துக்கும் கழட்டுங்க. முழுக்கைச் சட்டை, வளையல், கழுத்துச் சங்கிலி, துப்பட்டா எல்லாத்துக்கும் இதேதான்.

பிரஸ்ஷாப்_சூப்பர் | மார்ச் 16, இரவு 11.30

பத்து நாளா எழுத முடியல. நடந்ததைச் சொல்றேன்.

ஏழாம் நம்பரைக் கழட்டினோம். ஸ்பிரிங் ஒடியல, ஆனா புதுசோட பக்கத்துல வச்சா விரல் அகலத்துக்கு நீண்டு தொங்குது. பின் முனை வழவழன்னு தேஞ்சிருக்கு. பக்கத்து மெஷின் பையனை மொழிபெயர்க்க ஒரு ஆளை வச்சுக் கேட்டேன். "அது ஒரு வாரமாவே டக் டக்னு அடிச்சுது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல"ன்னான். படிவம் 12 போட்டாச்சு. ரிப்போர்ட்டை மாத்தி எழுதி மேல கொடுத்தேன். "முதல்ல எழுதினது ஆடிட்டுக்குப் போயிடுச்சே"ன்னாங்க. என் கையெழுத்தோட இப்போ ரெண்டு ரிப்போர்ட் இருக்கு.

பயிற்சியை ஹாலை விட்டுட்டு மெஷின் பக்கத்துலயே வச்சேன். எட்டெட்டுப் பேரா. சொல்லிக் கொடுத்தது நானில்ல, அஞ்சு வருஷமா இங்க இருக்கிற பாலேஸ்வர் பக்கத்துப் பையன் ஒருத்தன். அவன் ஒடியாவுல பேசப் பேச பசங்க கேள்வி கேட்டாங்க. நாலு வருஷத்துல எங்க பயிற்சியில கேள்வின்னு ஒண்ணு வந்து நான் பார்த்ததில்ல.

அடுத்தது மூணாம் நம்பர். அது ரெண்டு பட்டன் பிரஸ், ரெண்டு கையும் அமுக்கினாதான் இறங்கணும். அங்க போய் நின்னா, இடது பட்டன் ஓரத்துல ஒரு அஞ்சு ரூபா காசு சொருகியிருக்கு. ஓரமெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருக்கு, ரொம்ப நாளா அங்கயே இருக்குன்னு பார்த்தாலே தெரியுது. ஓட்டறவன் வலது கையால பட்டன், இடது கையால பீஸ். எடுடான்னேன். எடுத்தான், என் கையில கொடுத்தான், சிரிச்சான்.

அப்பவே திட்டியிருப்பேன். ஒன்பதரை தம்பி எழுதினது ஞாபகம் வந்து, போனை எடுத்து நேரம் பார்த்தேன். ஷிஃப்ட் எட்டு மணி நேரம், சாப்பாடு, டீ போக 430 நிமிஷம். 25,800 விநாடி. டார்கெட் 3,200. ஒரு பீஸுக்கு எட்டு விநாடி. டாங்ஸ்ல வச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கி, டாங்ஸ்ல எடுத்தா அவனுக்கு ஒன்பதரை விநாடி ஆகுது. இருபது தடவை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கணக்குல நாளைக்கு 2,700தான் வரும். மீதி ஐந்நூறு பீஸ் அந்த அஞ்சு ரூபா காசுலதான் வந்துக்கிட்டிருந்துது.

டார்கெட் போட்ட தாள்லயும் கீழ என் கையெழுத்துதான்.

கன்ட்ரோல்_பேனல் | மார்ச் 17, காலை 7.00

ஒரு பட்டன்ல காசு சொருகியும் மெஷின் ஓடுதுன்னா அந்த சர்க்யூட்டே தப்பு. ரெண்டு பட்டனும் அரை விநாடிக்குள்ள ஒண்ணா அமுங்கணும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரெண்டையும் விட்டுட்டுத் திரும்ப அமுக்கினாதான் அடுத்தது இறங்கணும். டூ-ஹேண்ட் ரிலேன்னு தனியாவே கிடைக்குது, அதைப் போட்டா காசு, டேப், குச்சி எதுவும் செல்லாது. உங்க பேனல்ல ரெண்டு பட்டனையும் சும்மா சீரிஸ்ல கோர்த்திருப்பாங்க. ஆனா ரிலேவைப் போட்டுட்டு டார்கெட்டை 3,200-லயே விட்டீங்கன்னா பேனலைத் திறந்து வயரை ஷார்ட் பண்ணுவாங்க. பண்ணினதைப் பார்த்திருக்கேன்.

ஜாப்வொர்க்_கோவை | மார்ச் 17, காலை 9.10

டார்கெட்டைக் கொறைச்சா ரேட்டை ஏத்தித் தர்றது யாருங்க? உங்க கஸ்டமர் தருவாரா? பச்சை பேட்ஜ் தருவாரு.

ஹெச்ஆர்_அக்கா | மார்ச் 17, இரவு 8.30

கோவை அண்ணா கேக்கறது நியாயமான கேள்வி. ஹரியானா குர்கான், மானேசர் பக்கம் விரல் போன ஆட்டோ உதிரிபாகத் தொழிலாளிகளைப் பத்தி "சேஃப் இன் இந்தியா"ங்கற அமைப்பு வருஷா வருஷம் அறிக்கை போடுது. அவங்களும் இதையே கேக்கறாங்க, பெரிய கார் கம்பெனிகள் தங்களுக்கு உதிரிபாகம் கொடுக்கிற சின்னக் கம்பெனி வரைக்கும் பொறுப்பு எடுத்துக்கணும்னு. அங்கயும் பெரும்பாலும் பவர் பிரஸ்தான்.

ஒன்பதரை | மார்ச் 29, இரவு 9.15

சூப்பர் சார், ஆடிட் முடிஞ்சுதா? ஏழாம் நம்பர் என்ன ஆச்சு? அந்தப் பையன் எப்படி இருக்கான்?

பிரஸ்ஷாப்_சூப்பர் | மார்ச் 30, காலை 6.20

ஆடிட் முடிஞ்சுது. ரிஜிஸ்டரைப் பார்த்தாங்க, அறுபது கையெழுத்தையும் எண்ணினாங்க, ஷாப்புக்குள்ள வரல.

ஏழாம் நம்பருக்குப் புது ஸ்பிரிங், புது பின். கூண்டு கட்டியாச்சு, டைசெட்டர் அண்ணன் சொன்ன மாதிரி ஆங்கிள்லயே. மூணாம் நம்பருக்கு ரிலே கோட்டேஷன் வாங்கிக் கொடுத்திருக்கேன், பர்ச்சேஸ்ல இருக்கு. டார்கெட் 2,900 ஆச்சு, 2,700 கேட்டேன். நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனப்போ பட்டன்ல காசு இல்ல. மடிச்ச அட்டை இருந்துது.

பையன் ஊருக்குப் போயிட்டான். மெடிக்கல் போர்டுக்கு வரணும், டிக்கெட் போட்டு அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். போனை எடுக்க மாட்டேங்கறான், அவன் ஊர்க்கார பையன் மூலமா முயற்சி பண்றேன். ஷிஃப்ட் ஆரம்பிக்குது, அப்புறம் வர்றேன்.